உயிர் தப்பியோர் பிரதிநிதி

கிள்ளை மீன் மார்க்கெட்டில் ஞானாம்பாள் ஒரு கூறு மடவைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது அரசாங்க ஜீப் ஒன்று அவள் கூடைக்கு முன்னால் வந்து நின்றது. மீன் வாங்க வந்தவர் பேரத்தைப் பாதியில் விட்டு நழுவிவிட்டார். அந்தப் பக்கத்தில் ஜீப் இரண்டு காரியத்துக்குத்தான் வரும். ஒன்று, இடத்தைக் காலி செய்யச் சொல்ல. இல்லாவிட்டால் போட்டோ எடுக்க. சுனாமி நினைவு நாள் வரும் டிசம்பர் இன்னும் வரவில்லை. ஆகவே போட்டோவாக இருக்காது என்று ஞானாம்பாள் நினைத்தாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவன் பெயர் இளவரசு. மஞ்சக்குப்பத்தில் புதிதாகத் திறந்திருந்த ஓர் அலுவலகத்தில் உதவியாளன்.

"யக்கா, ஞானாம்பாள்ங்கிறது நீங்கதான? சுனாமில பையனப் பறிகுடுத்தவுங்க?"

"ஆமா" என்றவள், கையிலிருந்த மீனைக் கூடையில் வைத்துவிட்டு, "கெடச்சிட்டானா?" என்று கேட்டாள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரியும். ஆனால் மகன் சேரனின் உடம்பு கிடைக்கவில்லை. ஊர்ப் பிணங்களையெல்லாம் ஒரே குழியில் அவசரமாகப் போட்டு மூடினார்கள். அந்தக் குழியில் அவன் இருந்தானா, இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அதனால், அரசாங்கத்திலிருந்து யார் வந்து பெயரைச் சொன்னாலும் அவளை முந்திக்கொண்டு அவள் வாய் அதைக் கேட்டுவிடும்.

இளவரசு கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான். "இல்லக்கா. இது வேற விஷயம். உலகம் அழிஞ்சா என்னா பண்றதுன்னு ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. அதுல உங்கள மெம்பராப் போட்டிருக்கு. நாளைக்கிக் கூட்டம். டீ, போண்டால்லாம் உண்டு."

அந்தக் கமிட்டி பிறந்த கதை இது. நினைத்துப் பார்க்கவே முடியாத தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று வெகுகாலம் சுற்றிவந்து கடைசியில் மோதிக்கொண்டன. அதன் அதிர்வை வெளிநாட்டுக் கருவிகள் பிடித்தன. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தும் கனிமொழி, மாணவர்களுக்கு இதை விளக்கும்போது, "இவ்வளவு பெரிய மோதல் வெற்றிடத்தையே குலைத்துவிடுமா என்றுகூட ஆராய்ந்திருக்கிறார்கள், குலைக்காது என்றுதான் கணக்குகள் சொல்கின்றன" என்றாள். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த உள்ளூர் நிருபர் அந்த வாக்கியத்தின் முதல் பாதியைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். மறுநாள் செய்தி வந்தது. சென்னையில் ஒரு மேலதிகாரி அதைப் படித்து, 'கடலூர்ப் பகுதியில் வெற்றிடம் பாதுகாப்பாக இருக்கிறதா?' என்று ஓரத்தில் எழுதினார். கேள்வி மேலேயிருந்து வந்தால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் வேண்டுமல்லவா? வெற்றிட நிலைத்தன்மைப் பாதுகாப்பு முகமை உண்டாயிற்று. தனி அலுவலராகத் தில்லைநாதன் வந்தார். அதற்கு முன் அவர் தென்னை வண்டு ஒழிப்புத் திட்டத்தில் இருந்தவர். வண்டு ஒழியவில்லை. திட்டம் ஒழிந்துவிட்டதால் சும்மா இருந்தார்.

மறுநாள் ஞானாம்பாள் நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்துக்குப் போனாள். கூட்ட அறையில் எல்லோருக்கும் முன்னால் பெயர்ப் பலகை இருந்தது. அவளுக்கு முன்னாலிருந்த பலகையை இளவரசு படித்துச் சொன்னான்: 'உயிர் தப்பியோர் பிரதிநிதி.'

தில்லைநாதன் எழுந்தார். மைக் தேவைப்படாத குரல் அவருக்கு. ஆனாலும் மைக்கில்தான் பேசினார்.

"நம் மாவட்டம் சுனாமி கண்டது, புயல் கண்டது, வெள்ளம் கண்டது. ஒவ்வொரு முறையும் என்ன ஆயிற்று? பேரிடர் முதலில் வந்தது. நாம் பிறகு போனோம். இந்த வரிசையை நான் மாற்றியிருக்கிறேன். இந்த முறை அலுவலகம் முதலில் வந்துவிட்டது. பேரிடர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். வராமலே போனாலும் அலுவலகம் இருக்கும். மக்களுக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் ஞானாம்பாளைக் கைகாட்டினார். "பாதிக்கப்பட்டு உயிர் தப்பியவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. வெற்றிடம் இதுவரை சரியாத காரணத்தால் அப்படி யாரும் அகப்படவில்லை. எனவே சுனாமியில் தப்பிய இந்த அம்மாவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறோம். உரிய நபர் கிடைத்தவுடன் விடுவிக்கப்படுவார்."

ஞானாம்பாள் எழுந்து கும்பிட்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்து கனிமொழி எழுந்தாள். முப்பது வயது இருக்கும். தூக்கமில்லாத முகம். "மேட்டுச் சரிவுல ஒரு சின்னப் பள்ளம், அதுல ஒரு பந்து நிக்குதுன்னு வச்சுக்குங்க. நாம இருக்கிற இந்த வெற்றிடம் அந்தப் பந்து மாதிரி இருக்கலாம்னு ஒரு கருத்து. கீழ இதவிட ஆழமான பள்ளம் இருந்து, ஏதோ ஒண்ணு பந்தத் தள்ளிவிட்டா உருண்டுடும். எங்கயோ ஓர் எடத்துல குமிழி மாதிரி ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட ஒளியோட வேகத்துல எல்லாப் பக்கமும் பரவும். அதுக்குள்ள அணுகூட இப்ப இருக்கிற மாதிரி இருக்காது. ஆனா சார், கருந்துளை மோதினா இது நடக்கும்னு நான் சொல்லவேயில்ல. நடக்காதுன்னுதான்..."

"அது இருக்கட்டும். எவ்வளவு நேரம் முன்னால தெரியும்?"

"தெரியாது சார். வருதுன்னு சேதி வர்றதும் அது வர்றதும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"அரை மணி நேரம்?"

"ஒரு நொடிகூட இல்ல சார்."

தில்லைநாதன் குறிப்பெடுப்பவரைப் பார்த்தார். "நாம அரை மணிங்கறோம். அவுங்க ஒண்ணுமே இல்லைங்கறாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா பதினஞ்சு நிமிஷம்னு போடுங்க."

அப்படியே பதிவாயிற்று. அந்தப் பதினைந்து நிமிடத்தில் மக்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு கையேடும் அச்சாகி வந்தது. ஜன்னல்களைச் சாத்த வேண்டும். ஆதாரையும் குடும்ப அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வதந்தியை நம்பக் கூடாது. அணுக்கள் சிதைவதாக உணர்ந்தால் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். மாவட்டம் முழுவதும் இல்லாமல் போய்விட்டால் நிவாரணப் பொருள்களை எங்கே வைப்பது என்ற சிக்கலுக்கும் தீர்வு இருந்தது. விழுப்புரத்தில் வைப்பது. குமிழி மாவட்ட எல்லையைத் தாண்டினால் அதற்கு மேல் அந்த மாவட்டத்தின் பொறுப்பு.

இதைவிட வேடிக்கை சுற்றறிக்கையில் நடந்தது. 'தங்கள் ஆளுகைக்குட்பட்ட வெற்றிடங்களின் தற்போதைய நிலைத்தன்மை குறித்து அறிக்கை அனுப்பவும்' என்று முகமை எல்லா அலுவலகங்களுக்கும் எழுதியது. அவர்கள் அதைக் காலிப் பணியிடம் என்று புரிந்துகொண்டார்கள். பதில்கள் குவிந்தன. 'எமது அலுவலகத்தில் எழுத்தர் வெற்றிடம் பல்லாண்டுகளாக நிலையாக உள்ளது.' 'ஓட்டுநர் வெற்றிடம் எவ்வித மாற்றமுமின்றி நீடிக்கிறது. எதிர்காலத்திலும் நீடிக்கும் எனத் தெரிகிறது.' தில்லைநாதன் எல்லாவற்றையும் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார். கடலூர்ப் பகுதியில் வெற்றிடம் மிக உறுதியாக இருப்பதாகச் சென்னைக்கு எழுதினார். சென்னை பாராட்டியது. பாராட்டுக் கிடைத்ததும் கிளை அலுவலகம் திறக்கும் ஆசை வந்தது.

கிளைக்குச் சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார். 'ஆகாயத்துக்கே கோயில் கொண்ட ஊர். வெற்றிடத்தைக் கண்காணிக்க இதைவிடத் தகுந்த இடம் இல்லை' என்று கோப்பில் எழுதினார். மேலவீதிக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடை மாடியில் அறைகள் பிடித்தார்கள். உள்ளறையிலிருந்த சாமான்களையெல்லாம் அகற்றி, கழுவிவிட்டு, பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, 'மாதிரி வெற்றிடம். உள்ளே வரக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள். கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சிதம்பரத்தில் மீன் விற்க வருகிற நாள்களில் விற்று முடித்துவிட்டு ஞானாம்பாள் அங்கே வந்து உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"உள்ள என்னா சார் நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காதும்மா."

"பின்ன எதப் பாக்குறது?"

"ஒண்ணும் நடக்காம இருக்குதான்னு பாக்கணும். அதுதான் வேலை. இதுக்கெல்லாம் அனுபவம் வேணும்னுதான் உங்களப் போட்டிருக்கு."

முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலி அறையைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள். கீழே பாத்திரக் கடையில் ஒருவர் ஓயாமல் சொம்பைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்க்கிறார். ஆனால் போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாக வெயில் ஒரு சுவரில் ஏறி, தரையில் இறங்கி, மறுசுவரில் போய் மங்கும். தூசி மெதுவாக மிதக்கும். வேறு ஒன்றும் கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சேரன் பிறந்து வளர்ந்த வீடு கடலோடு போய்விட்டது. இப்போது இருப்பது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. அதில் அவன் காலே பட்டதில்லை. இந்த மூலையில் படுப்பான், இந்தக் கதவில் தொங்குவான் என்று நினைத்துப் பார்க்க அங்கே ஒரு மூலையோ கதவோ இல்லை. அவள் புருஷன் குப்புவிடம் பேசலாம் என்றால், அதுவும் நடக்காது. பையன் போனதிலிருந்து குப்பு கடலுக்குப் போவதில்லை. பிச்சாவரத்துக் கழியில் நண்டு பிடிப்பார். முகத்துவாரத்தைத் தாண்ட மாட்டார். சேரன் பெயரை அவர் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் சொன்னால் சண்டை போடவும் மாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். அப்படிப் பழகி, ஞானாம்பாளும் அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

பாத்திரக் கடை மாடியிலோ யாரும் எழுந்து போவதில்லை. ஒருநாள் மத்தியானம் உள்ளே சுவரோரமாக ஒரு பையன் முட்டியைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். பன்னிரண்டு வயது. தலை ஈரமாக இருந்தது. ஞானாம்பாள் அசையவில்லை. அசைந்தால் போய்விடுவான் என்று தெரிந்தது. வெயில் நகர்ந்தது. கண்ணாடியில் அவள் முகமே அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெறும் சுவர்.

சாயங்காலம் இளவரசு போன் செய்தான். "உள்ள ஏதாச்சும் உண்டாக்கா?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் ஞானாம்பாள்.

அதற்குப் பிறகு மீன் விற்காத நாளிலும் அவள் சிதம்பரம் பஸ் ஏறினாள்.

ஒருநாள் கல்லூரி விட்டதும் கனிமொழி அங்கே வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "எல்லாம் என்னாலதாம்மா. வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். வழியில பாக்கிறவங்கல்லாம் எப்ப மேடம் அழியும்னு கேக்கறாங்க. அழியாதுன்னு சொன்னா மறைக்கிறேங்கறாங்க."

"மெய்யாலுமே அழியாதா?"

"அண்டத்துல எத்தனையோ கருந்துளைங்க கோடிக்கணக்கான வருஷமா மோதிக்கிட்டேதான் இருக்கும்மா. அப்படியும் நாம இருக்கோம். அதவிட என்ன ஆதாரம் வேணும்?"

ஞானாம்பாள் யோசித்தாள். "கடலும் எங்க மாமியாருக்கு மாமியார் காலத்துலேர்ந்து அங்கதாம்மா இருந்துச்சி. வூட்டுக்குள்ள வந்ததில்ல. அதனாலதான் நாங்களும் இருந்தோம்."

அது வேறு, இது வேறு என்று விளக்க வாய் திறந்த கனிமொழி, எப்படியோ விளக்கவில்லை.

"அப்டி ஒண்ணு வந்துதுன்னா யாராச்சும் மிஞ்சுவாங்களா?" என்று ஞானாம்பாள் கேட்டாள்.

"யாரும் மிஞ்ச மாட்டாங்க. வலிகூடத் தெரியாது. ஒரே நேரத்துல எல்லாம் முடிஞ்சிடும்."

"தேடறதுக்கு?"

"தேடறதுக்கு ஆளே இருக்காதும்மா."

ஞானாம்பாள் கண்ணாடி வழியாக அறையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப அது நல்ல சாவுதான்."

கனிமொழி அன்று இரவும் தூங்கவில்லை. ஆனால் இந்த முறை வேறு காரணத்துக்காக.

இதற்குள் சென்னை மேலதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. வெற்றிடத்தை அவருக்கு எப்படிக் காட்டுவது? பூட்டிய அறையைக் காட்டினால் எடுபடாது. தில்லைநாதன் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாபெரும் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுக்கள், கடலோர ஊர்க்காரர்கள் என்று பஸ் பஸ்ஸாக ஆட்களை வரவழைத்தார்கள். கிள்ளைப் பக்கத்து ஆட்களோடு குப்புவும் வந்தார். பிரியாணிப் பொட்டலம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். தக்காளிச் சாதம்தான் இருந்தது.

திட்டம் இதுதான். சங்கு ஊதியவுடன் மைதானத்திலிருக்கும் அத்தனை பேரும் இல்லாமல் போக வேண்டும். அதாவது, மைதானத்தின் ஓரத்தில் தகரத் தட்டிகளை வரிசையாக நட்டிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இருமக் கூடாது, போன் பேசக் கூடாது, குழந்தை அழுதால் வாயைப் பொத்த வேண்டும். ஏனென்றால் அவர்கள் இல்லை.

அதிகாரிகளும் இல்லாமல் போக வேண்டுமா என்று ஒரு விவாதம் வந்தது. பணி நேரத்தில் இல்லாமல் போவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். ஆகவே அதிகாரிகள் மேடையிலேயே ஷாமியானா நிழலில் தொடர்ந்து இருப்பது என்று முடிவாயிற்று.

நடுமைதானத்தில் ஒரு மைக். அதற்கு முன்னால் ஞானாம்பாள். உயிர் தப்பியோர் பிரதிநிதி அல்லவா? எல்லோரும் இல்லாமல் போன பிறகு அவள் ஒருத்தி மட்டும் மிஞ்சி நின்று, "அரசு எடுத்த முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளால் நான் உயிர் பிழைத்தேன். நன்றி" என்று சொல்ல வேண்டும். இளவரசு பல தடவை சொல்லிக்கொடுத்திருந்தான். "நன்றிய மட்டும் அழுத்திச் சொல்லுங்கக்கா. மத்ததக் காத்துல விட்டாலும் பரவால்ல."

மேலதிகாரி வந்தார். மாலை போட்டார்கள். தில்லைநாதன் பேசினார்.

"ஐயா, பேரழிவுக்குப் பிறகு குறை சொல்ல ஒருவர்கூட மிச்சமில்லாத பேரழிவு இது ஒன்றுதான். நிர்வாகத்துக்கு இதைவிட உகந்த பேரிடர் வேறு எது? ஆயினும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. குறை சொல்ல ஆளில்லாவிட்டாலும் நன்றி சொல்ல ஒருவரைத் தயாராக வைத்திருக்கிறோம்."

மேலதிகாரி தலையசைத்தார். சங்கு ஊதியது.

கூட்டம் கலைந்தது. அதைக் கலைந்தது என்று சொல்ல முடியாது. பின்வாங்கியது. அத்தனை தலைகளும் ஒரே பக்கமாக, ஒரே சரசரப்போடு, மைதானத்தின் விளிம்பை நோக்கி உள்வாங்கிக்கொண்டே போயின. செருப்புகளும் பொட்டலக் காகிதங்களும் மண்ணில் கிடந்தன. ஈரமில்லாத அந்த மண் வெயிலில் பளபளத்தது. பிறகு சத்தமே இல்லை.

ஞானாம்பாளுக்கு இந்தச் சத்தமின்மை தெரியும். முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் திடீரென்று உள்ளே போயிற்று. என்றைக்கும் கண்ணில் படாத தரை வெளியே தெரிந்தது. அலைச் சத்தம் நின்றுபோய், ஊரே காதை அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. தரையில் மீன்கள் துள்ளின. அவள் அடுப்படியில் இருந்தாள். சேரன் அந்த மீன்களைப் பார்த்து ஓடினான்.

"சொல்லுங்கக்கா" என்று பின்னாலிருந்து இளவரசு கிசுகிசுத்தான். "அரசு எடுத்த..."

ஞானாம்பாள் மைக்கைப் பிடித்தாள். எதிரில் காலி மைதானம். வாயைத் திறந்தாள். இருபது வருஷமாக வாய்க்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"சேரா!"

மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளிலெல்லாம் அந்தப் பெயர் போயிற்று. எதிரிலிருந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பி வந்தது.

"சேரா! திரும்பி வாடா! அந்தாண்ட போவாதடா!"

மேடையில் தில்லைநாதன் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். அதில் இது இல்லை. மேலதிகாரி, "நன்றாக நடிக்கிறார்" என்றார்.

அப்போது தகரத் தட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண் குரல். எண்ணெய் போடாத கதவைத் திறப்பதுபோல் கரகரத்து, பாதியில் உடைந்து, மறுபடி எழுந்தது.

"சேரா!"

ஞானாம்பாள் திரும்பினாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. தகரத்தைத் தள்ளிக்கொண்டு குப்பு எழுந்து நின்றார். கையில் இன்னும் தக்காளிச் சாதப் பொட்டலம் இருந்தது. "சேரா! டேய் சேரா!" என்று அவர் ஆளில்லாத மைதானத்தைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்தாற்போல் ஒரு பெண் குரல் எழுந்தது. "பூஜா! யம்மா பூஜா!" இன்னொரு மூலையிலிருந்து, "அண்ணே!" என்று யாரோ. தேவனாம்பட்டினத்துக் கிழவர் ஒருவர் தன் பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். புயலில் போனவர்கள், வெள்ளத்தில் போனவர்கள், கடலில் போனவர்கள், கொரோனாவில் முகம் பார்க்கவிடாமல் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு பெயராகத் தட்டிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து மைதானத்துக்குள் வந்தது. யாரும் வெளியே வரவில்லை. பெயர்கள் மட்டும்தான் வந்தன. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் கனிமொழி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

தில்லைநாதன் மேடையின் விளிம்புக்கு ஓடிவந்தார். கைஒலிபெருக்கியை வாயில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"அமைதி! அமைதி! இல்லாதவர்கள் பேசக் கூடாது! நீங்கள் யாரும் இப்போது இல்லை! தயவுசெய்து ஒத்துழைப்புக் கொடுங்கள்! இறந்தவர்கள் உட்காருங்கள்!"

எழுந்தவர்கள் யாரும் உட்காரவில்லை.

தில்லைநாதன் அன்று சாயங்காலமே அறிக்கை எழுதினார். இல்லாமல் போன நபர்கள் விதிமுறைகளை மீறிக் கூச்சலிட்டதால் ஒத்திகை செல்லாது என்றும், உயிர் தப்பியோர் பிரதிநிதி நன்றி தெரிவிக்கத் தவறியதால் அப்பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்றும், உரிய நபர் கிடைக்கும்வரை அந்த இடம் வெற்றிடமாக வைக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அடுத்த ஒத்திகையில் மனிதர்களைத் தவிர்ப்பது நலம் என்று கடைசியில் ஒரு பரிந்துரையும் இருந்தது. மேலதிகாரி அதை முழுமனதாக ஏற்றுக்கொண்டார்.

ஞானாம்பாளுக்கு இதையெல்லாம் இளவரசு பஸ் நிலையம்வரை கூடவே வந்து சொன்னான். "மனசுல வச்சிக்காதீங்கக்கா" என்றான். அவள் சரி என்றாள். அவன் என்ன சொன்னான் என்பது அவள் காதில் ஏறவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் குப்பு உட்கார்ந்தார், பக்கத்தில் அவள். ஊர்க்காரர்கள் முன்னாலும் பின்னாலும் தொண்டை கட்டிப்போய்ச் சும்மா இருந்தார்கள். வெளியே வயல்களில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. குப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கி நான் கடல்ல இருந்தேன்ல்ல."

"ம்."

"நல்ல ஆழத்துல. வல இழுத்துக்கிட்டிருந்தோம். படகு ஒருவாட்டி மெள்ள எழும்பிச்சி. தூங்குற புள்ளய எடம் மாத்திப் போடத் தூக்குவோம்ல்ல, அந்த மாதிரி. தூக்கி, எறக்கி வெச்சிட்டு அதும்பாட்டுக்குப் போயிடிச்சி. வேற ஒண்ணுமில்ல. காத்துகூட இல்ல." நிறுத்தினார். "நான் அப்பப் பீடி பத்தவெச்சிக்கிட்டிருந்தேன் ஞானாம்பா. தீக்குச்சி அணையக்கூட இல்ல. அதுதான் அது. அதுதான் கரைக்கிப் போவுதுன்னு எனுக்குத் தெரியல."

பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. அவர் கை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. அதன் மேல் அவள் தன் கையை வைத்தாள். நண்டு கடித்துக் கடித்துத் தடித்துப்போன கை.

"அவன் எப்டி ஓடுனான்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "அவன் பயந்து ஓடல. அது உனுக்குத் தெரியாது."

ஓடுகிற பஸ்ஸில் எழுந்து போக இடமில்லை. ஆனால் குப்பு எழுந்து போக நினைக்கவும் இல்லை. ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"சொல்லு" என்றார்.